சிறைப்பட்ட தளபதி வாத்து குறித்து மருதவேலியின் மறுமொழி

ஆம் அரசே, அது வாத்துதான். வேடமிட்ட ஒற்றன் அல்லன், மந்திரத்தால் உருமாறிய மனிதனும் அல்லன். தங்கள் அரண்மனை வைத்தியர் இருமுறை புரட்டிப் பார்த்துச் சொன்னது முற்றிலும் சரி.

வாழ்த்துப் படிக்கத் தமக்குப் பொறுமையில்லை என்று தாங்கள் எழுதியிருந்தமையால் விடையை முதலில் வைத்தேன். இனி முறைப்படி தொடங்க அனுமதி வேண்டுகிறேன்.

மூன்று ஆறுகள் வற்றாத கொன்றைக்கோட்டு நாட்டைக் குடைபோல் கவிந்து காக்கும் வேந்தர் பரிதிக்கண்ணர் சமூகத்துக்கு, மருதவேலி நாட்டரசி வெண்கொடியாரின் அமைச்சன் நல்லிறையன் தலை தாழ்த்தி எழுதும் ஓலை. தங்கள் கொற்றம் உயர்க. தங்கள் ஏரிக்கரைகள் உடையாதிருக்க. தங்கள் சினம் இவ்வோலையின் கடைசி வரிக்கு முன்னமே தணிக.

ஒரு வாத்து எப்படி முந்நூறு வீரர்களுக்குத் தளபதியாக முடியும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரச குலத்துப் பிள்ளைக்கு எட்டு வயது நிறையும் நாளில், சூரியன் எழுந்து மறையும் வரை முத்திரை மோதிரம் அப்பிள்ளையிடம் இருக்கும். அன்று அது இடும் ஆணையை வேறு எவரும் மாற்றலாகாது. அப்பிள்ளை மட்டும், அடுத்த பிறந்தநாளுக்குள், தானே மனம் வந்து மாற்றலாம். அதற்குப் பிறகு ஆணை கல்லில் வெட்டப்படும். தான் செய்வது தன்னைத் தொடர்ந்து வரும் என்பதைப் பிள்ளைகள் அறிய முன்னோர் செய்த ஏற்பாடு இது. இவ்வாணைகளுக்குக் குனிந்து குனிந்து எனக்கு வந்த முதுகு வலி முன்னோருக்கு இருந்ததில்லை போலும்.

எங்கள் அரசியாரே தம் எட்டாம் வயதில் கத்தரிக்காயை நாடு கடத்தினார். ஓராண்டு பிடிவாதமாக இருந்துவிட்டார். கல்லும் வெட்டியாயிற்று. அவர் ஆண்டுக்கு நான்கு முறை தங்கள் நாட்டுக்கு நல்லெண்ணப் பயணம் வருவதும், விருந்தில் எண்ணெய்க் கத்தரிக்காயை மட்டும் மூன்றாம் முறை கேட்பதும் எதனால் என்று தாங்கள் இப்போது உணர்ந்திருப்பீர்கள்.

சென்ற திங்கள் இளவரசி நறுவீயின் முறை. காலை உணவுக்கு முன்பே, குளத்து வாத்து பொன்மூக்கனைப் படைத்தளபதியாக்கி முத்திரை இட்டுவிட்டார். அடியேன் காரணம் வினவினேன். அவர் கூறியதை மெருகேற்றாமல் தருகிறேன்: "அது தலைய நிமித்தி நடக்குது மாமா. நம்ம தளபதி தொப்பையப் பாத்துக்கிட்டே நடக்கிறார்." பழைய தளபதியார் அருகில்தான் நின்றார். அன்று முதல் அவர் மோர் மட்டும் அருந்துகிறார்.

எங்கள் படைச் சட்டம் எளியது. தளபதி செல்லும் வழியில் படை செல்லும். தளபதி சொல்லாமல் திரும்புபவன் ஓடிப்போனவன் எனப்படுவான். ஆகவே புதிய தளபதியார் குளத்தில் இறங்கியபோது முந்நூறு பேரும் இறங்கினர். அவர் சேற்றைக் கிளறியபோது இவர்களும் கிளறினர். நான்காம் நாள் ஒரு வீரன் என்னிடம் வந்து, "ஐயா, நத்தை திங்கச் சொன்னா மட்டும் நான் வேலைய விட்டுருவேன்" என்று விண்ணப்பித்துக்கொண்டான். இளவரசியோ மாடத்தில் நின்று கைதட்டினார். ஆணை இட்டவர் சிரிக்கிறார், சேறு மற்றவர் மேல் இருக்கிறது, இதில் பிள்ளை கற்பது என்ன என்று அரசியாரிடம் முறையிட்டேன். அவள் இட்டதை அவளே எடுக்கட்டும், நீர் மூக்கை நுழைக்க வேண்டா என்று அரசியார் பணித்தார்.

ஆறாம் நாள் தளபதியார் எல்லைக்கல்லைத் தாண்டினார். அந்தப் பக்கம் தங்கள் குடிமகள் பொன்னாத்தாளின் கதிர் முற்றிய வயல் இருந்தது. பின்னால் முந்நூறு ஈட்டிகள் சென்றன. தங்கள் ஊரார் போர் முரசு அறைந்ததில் தவறே இல்லை. எந்நாட்டு வரலாற்றிலும் இல்லாத விரைவில், அந்த அம்மையார் எங்கள் தளபதியாரைக் கக்கத்தில் இடுக்கிச் சிறைப்பிடித்தார். "பாதி வயலத் தின்னும் மிதிச்சும் தீத்துட்டானுவ. இவனக் கொழம்பு வெச்சாத்தான் என் வயிறு ஆறும்" என்று அவர் முழங்கியதாகத் தங்கள் தூதர் தெரிவித்தார். திரும்பி வர ஆணையில்லாமல் வரப்பிலேயே அமர்ந்திருக்கும் எங்கள் வீரர்களுக்கு மூன்று வேளையும் கூழ் ஊற்றும் தங்கள் ஊராருக்கு நன்றி. ஊறுகாயும் தருகிறார்களாம். அதற்குத் தனி நன்றி.

தங்கள் ஓலை இரண்டு வழிகளைச் சொல்லிற்று. பொன்மூக்கன் தளபதி என்றால் அவர் போர்க்கைதி. அவருக்குக் குடையும் இருக்கையும் உண்டு, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நடந்தது படையெடுப்பாகும், நாளை நண்பகலில் போர் தொடங்கும். வெறும் வாத்து என்றால் போர் இல்லை. ஆனால் பயிர் மேய்ந்த பறவை வயலுக்குரியவரின் அடுப்புக்குச் சொந்தம் என்பது தங்கள் நாட்டு நீதி.

இதை இளவரசியிடம் வாசித்துக் காட்டினேன். "நீங்களே ஏதாச்சும் பண்ணுங்க மாமா" என்றார். என்னால் இயலாது என்றேன். அரசியாரிடம் ஓடினார். அரசியார் மோதிரத்தை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அருகில் அமர்ந்துகொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை எழுத எனக்கு அனுமதியில்லை.

இளவரசி அன்று சோற்றைத் தொடவில்லை. பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தன் தோழி குயிலியின் தகப்பன் சாத்தனும் அந்தப் படையில் இருக்கிறானா என்றார். முதல் வரிசையில், தளபதிக்கு நேர் பின்னால் இருக்கிறான் என்று உள்ளதைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம் என்று அக்கணத்தில் தோன்றியது உண்மை. நெடுநேரம் மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தவர், மெழுகை நானே உருக்குகிறேன் என்றார். முத்திரை சற்றுக் கோணலாக விழுந்துள்ளது. அதனைப் போலி என்று கருத வேண்டா.

ஆகவே மருதவேலி நாடு அறிவிப்பதாவது: இந்நாழிகை முதல் பொன்மூக்கன் தளபதி அல்லன். அது ஒரு வாத்து. முந்நூறு வீரரும் ஈட்டிகளைத் தலைகீழாகப் பிடித்து, வரப்பு மிதிபடாமல், ஒருவர் பின் ஒருவராக வீடு திரும்புக. பொன்னாத்தாள் அம்மையாருக்கு எங்கள் களஞ்சியத்திலிருந்து அவ்வயலின் முழு விளைச்சல் நாளைக் காலையே வண்டிகளில் வந்து சேரும். தங்கள் நீதியின்படி வாத்தின்மேல் எங்களுக்கு உரிமை ஏதும் இல்லை. அதனைக் கேட்க அமைச்சனாகிய எனக்கு வாயும் இல்லை.

வெண்கொடியார் ஆட்சியின் பதினோராம் ஆண்டு, ஆவணித் திங்கள், வளர்பிறை ஐந்தாம் நாள், அரசி கண்டு, அமைச்சன் எழுதி, இரட்டை மீன் இலச்சினை இட்டு விடுத்தது. இதனைக் காண்போர் இதன்படி நடக்க.

ஓலையின் ஓரத்தில் இளவரசி தம் கையால் எழுதியது கீழே உள்ளது. திருத்த வேண்டா என்று அரசியார் கட்டளை. தங்கள் சமூகத்தில் வாசித்தபின் பொன்னாத்தாள் அம்மையாரிடம் சேர்ப்பிக்க.

பொன்னாத்தா அத்தை, அத அனுப்புனது நான்தான். அதுக்கு எல்லைன்னா என்னன்னு தெரியாது. எனக்குத் தெரியும். வண்டில நெல்லு வரும், ஆனா அது நான் குடுக்கறது இல்ல, அம்மா குடுக்கறது. அதனால மிதிச்ச எடத்துல நானே வந்து நாத்து நடறேன். எனக்கு நடத் தெரியாது, நீங்க திட்டிக்கிட்டே சொல்லிக்குடுத்தாலும் சரி. விடிஞ்சதும் கெளம்புறேன், நடந்துதான் வரணும்னு அம்மா சொல்லிட்டாங்க. நான் வந்து சேர்ற வரைக்கும் அடுப்பு மூட்டாம இருக்கீங்களா, அத்தை?