எழுபத்தொரு விழுக்காட்டில் மூடப்பட்ட கணக்கு

நாள் 112. 09:10
நிலவின் தென்முனை. பல்கலைக்கழகத் தொலைநிலைக் கணினிக்கூடம். பொறுப்பு: ஜெசிந்தா, தனியாள். சர்வர் வெப்பம் சரி. கன்டெய்னர்கள் 64. ஒவ்வொரு மாணவருக்கும் சர்வருக்குள் திறக்கும் தனி அறை அது. மூடினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். மாணவர்கள் அனைவரும் பனிச்சுரங்கத் தொழிலாளர்கள்.

நாள் 113. 11:20
மூன்றாமாண்டு செங்கோடனின் கன்டெய்னர் அளவுக்கு மீறி நினைவகத்தை இழுக்கிறது. கேட்டேன். தான் வேலை செய்யும் நான்காம் சுரங்கத்தின் அளவீடுகளைப் போட்டு, கூரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிடுகிறானாம். மதியம் அவனும் இறங்க வேண்டும்.
"மேடம், இது மார்க்குக்கு இல்லீங்க. கூரைல கை வச்சா அதிருது. முடியற வரைக்கும் மூடிராதீங்க."
மூடமாட்டேன் என்றேன்.

15:05
பூமியிலிருந்து பதிவாளர் உத்தரவு: நான்கு மணிக்கு விருந்தினர்களுக்குச் செயல்விளக்கம், கன்டெய்னர்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். சுரங்கத்தைப் பற்றி மூன்று முறை எழுதினேன். வந்த பதில்: "அந்தப் பையன் நாளைக்குத் திரும்பப் போட்டுக்கட்டும். சொன்னதைச் செய்ங்க."

16:02
மற்ற 63 கன்டெய்னர்களையும் மூடினேன். அவனுடையதைத் தொடவில்லை. பூமியில் இருந்தபடியே பதிவாளரின் ஆட்கள் அதை மூடிவிட்டார்கள். 71 விழுக்காடு முடிந்திருந்தது. இணைப்பில் கைதட்டல் கேட்கிறது.

16:15
பூமி இணைப்பைப் பிடுங்கிப் போட்டேன். செங்கோடன் காலையில் எனக்கு அனுப்பிய பிரதியை வைத்துக் கணக்கை முதலிலிருந்து ஓட்டுகிறேன், முழு சர்வரும் அதற்கே. சுரங்க மேலாளரை அழைத்தேன். முடிந்த அறிக்கை இல்லாமல் வேலையை நிறுத்த முடியாதாம். பொய் சொன்னேன்: கணக்கு முடிந்தது, கூரை விழும். கையெழுத்தும் போட்டேன். செங்கோடனோடு சேர்த்து நான்காம் சுரங்கத்தில் இருந்த பதினான்கு பேரும் வெளியே வந்தார்கள்.

19:10
மேலாளர் பதிவாளரிடம் விசாரித்திருக்கிறார். அறிக்கை பொய் என்று தெரிந்ததும் பதினான்கு பேரையும் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டார். பாவிகள். ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?

19:50
கணக்கு முடிந்தது. கூரை தாங்குவது 20:40 வரை. மேலாளர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. வண்டியில் போகிறேன்.

20:29
குரல் பதிவு. சுரங்க வாயில். ஐந்து பேரை வெளியே கொண்டுவந்துவிட்டேன். ஐந்தாவது ஆள் செங்கோடன். "இன்னும் ஒம்பது பேருங்க. அங்க ரேடியோ எட்டாது. நான் போய்க் கூட்டியாறேன்."
தடுத்தேன். கையை உதறிவிட்டு ஓடினான்.

20:33
விழுந்துவிட்டது.

பதிவாளரே, கேளுங்கள். அவன் கணக்கு சரி. ஏழு நிமிடம்தான் பிசகு. நீங்கள் மூடாமல் விட்டிருந்தால் ஐந்து மணிக்கே முடிந்திருக்கும். ஐந்து மணிக்குப் பதினான்கு பேரும் என் கண் முன்னால், இதோ இந்த வாசலில், உயிரோடு