சளிக்கு ஒரு ஜெபம்

நவம்பர் 11, இரவு

இலங்கைக்கு ஊழியத்துக்குப் புறப்பட இன்னும் ஆறு நாள். அங்கே தேயிலைத் தோட்டங்களில் சொல்லப்போகும் சாட்சிகளை இன்று மாலை சபையில் சொல்லிப் பார்த்தோம். எங்கள் குழுவில் என் கணவரின் சாட்சிதான் முக்கியம். குடியிலிருந்து கர்த்தர் அவரை விடுவித்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவர் பக்கத்தில் வந்து நின்றபோதே தைல வாடை மூக்கை அடைத்தது. கழுத்து, நெஞ்சு, கைக்குட்டை எல்லாம் தைலம். அதற்கு அடியில் இருந்த வாடை எனக்கு மட்டும் தெரிந்தது. பதினோரு வருஷம் முகர்ந்த மூக்கு.

“என்ன பிரதர், சளியா?” என்று பாஸ்டர் கேட்டார்.

“ஆமாங்க. காலைலருந்து நெஞ்சக் கட்டிக்கெடக்கு.” என்னை அவர் பார்க்கவில்லை.

“போற நேரத்துல சாத்தான் தடை போடுறான். எல்லாரும் வாங்க, கை வச்சு ஜெபிப்போம். சிஸ்டர், நீங்களும்.”

அவர் தோளில் கை வைத்தேன். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சளி நீங்க வேண்டும் என்று பாஸ்டர் கண்ணீரோடு மன்றாடினார்.

எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.