அணைச் சுவரை மீன் எப்படி ஏறும்?

அப்பா,

பாப்பாவின் பலகையைத் துடைக்கப் பழந்துணி தேடி நேற்று மத்தியானம் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் உங்கள் துண்டு இருந்தது. உங்கள் காரியம் முடிந்து நான் சேலத்துக்குத் திரும்பியபோது அம்மா மடித்துக் கொடுத்தது. ஒரு வருஷமாக நான் அதைப் பிரிக்கவில்லை. பிரித்ததும் வெற்றிலை வாசனை, ஈரக் கூடையில் அடுக்கி வைத்த வெற்றிலையின் வாசனை, குப்பென்று எழுந்தது. இரண்டு மூலைகளில் முடிச்சு அப்படியே இருந்தது.

"உன்னையப் பாத்துட்டு வந்ததுக்கு அப்பறம் அந்தத் துண்டை அவரு தோள்ல போடவே இல்ல கண்ணு. தொவைக்கவும் குடுக்கல" என்று அம்மா அன்று சொன்னாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பாப்பா பக்கத்தில்தான் நின்றாள். முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை பதினொரு நாட்களாக என்னிடம் எதையுமே கேட்டிருக்கவில்லை, அப்பா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

காவிரிக்கரை வேலூரில் நம் கொடிக்காலில் நீங்கள் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போவீர்கள். பின்னாலேயே நான் வாய் ஓயாமல் வருவேன். "மீன் தூங்குமாங்கப்பா? அதுக்குத்தான் கண்ணுல மூடியே இல்லியே?" என்று ஒரு நாள் கேட்டேன். கட்டும் கோரையைப் பல்லில் கடித்தபடியே நின்றுவிட்டீர்கள். "அட, ஆமா. எனக்குத் தெரியலயே சாமி" என்று சொல்லி, கேள்வி மறக்காமலிருக்கத் துண்டு மூலையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டீர்கள்.

சந்தையில் வெற்றிலை வியாபாரி அதைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் மாமா, மூலையில என்னங், பவுனா?"

"எம்புள்ள குடுத்து உட்டது மாப்ள. மீன் தூங்குமான்னு கேக்கறா. உனக்குத் தெரியுமா?"

"எம்பொண்டாட்டி தூங்கறாளா, தூங்கற மாதிரி கெடக்கறாளான்னே எனக்குத் தெரியாதுங்!"

சந்தையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் விடவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டீர்கள், பரிசல்காரரைக் கேட்டீர்கள். மூன்றாம் நாள் என்னை எதிரில் உட்கார வைத்து முடிச்சை அவிழ்த்தீர்கள். "வாத்தியாரு தூங்காதுங்கறாரு. பரிசல்காரரு, மண்ணுல வயிறு பட அசையாமக் கெடக்கும், தூங்கத்தான் செய்யுதுங்கறாரு. இவரு பாத்திருக்காரு, அவரு பாக்கல. வா, நாமளும் பாத்துட்டு வந்தரலாம்." விடியுமுன் ஆற்றுக்குப் போனோம். ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. "நீ பேசுன பேச்சுல எந்திரிச்சு ஓடிப்போச்சு போ" என்றீர்கள்.

பொட்டப்புள்ள இத்தனை கேள்வி கேட்டால் போகிற இடத்தில் எப்படிப் பிழைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "கேட்டுப் பொழைச்சுக்கும்" என்றீர்கள். என்னைப் பட்டணத்துக் காலேஜுக்கு அனுப்பியதும் அந்தத் தைரியத்தில்தான்.

காலேஜில் சேர்ந்த பிறகு முடிச்சுகள் திசை மாறின. நான் லீவுக்கு வரும்போதெல்லாம் உங்கள் கேள்விகளை நீங்கள் முடிந்து வைத்திருந்தீர்கள். முதல் வருஷம் ஆசையாகப் பதில் சொன்னேன். இரண்டாம் வருஷம் கொட்டாவி விட்டேன். மூன்றாம் வருஷம் நீங்களே விடுதிக்கு வந்தீர்கள்.

பஸ்ஸும் ரயிலும் மாறி, கசங்கிய வேட்டியோடு, ஒரு தார் பூவன் பழத்தோடு வந்தீர்கள். என் சிநேகிதிகள் மூவரும் உடன் இருந்தார்கள். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டு, ஒரு மூலையை அவிழ்த்தீர்கள்.

"சாமி, ஆடிப் புதுத்தண்ணிக்கு மீனு ஆத்தை எதுத்து ஏறுமில்ல? மேட்டூர்ல மலையாட்டம் செவுரு கட்டிப்போட்டாங்க. இனி அது எப்படி ஏறும்? பரிசல்காரருக்கும் தெரியல, வாத்தியாருக்கும் தெரியல. எம்மகளக் கேட்டுட்டு வந்து சொல்றேன்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

"மீனுக்கு ஒரு ஏணி வைக்கச் சொல்லுங்களேன்!" என்றாள் ஒருத்தி. மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "இதெல்லாம் ஒரு கேள்வியாங்கப்பா?" என்று சொல்லி, அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

நீங்கள் அந்த மூலையைத் திரும்ப முடிந்தீர்கள். "சும்மா கேட்டேன் சாமி. பழம் பழுத்துப்போச்சு, எல்லாரும் சாப்பிடுங்க." இன்னொரு மூலையில் இருந்ததை அவிழ்க்கவே இல்லை.

அதன் பிறகு நீங்கள் என்னிடம் கேட்டதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்பது மட்டும்தான். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இந்த வார்த்தையை எழுதவே கை கூசுகிறது.

இன்னும் ஒன்று. கல்யாணமாகிச் சேலம் வந்த பின் ஒரு பத்திரிகையில் படித்தேன். வெளிதேசங்களில் அணையை ஒட்டி மீன் ஏறுவதற்கென்றே படிப்படியாகத் தொட்டி கட்டுகிறார்களாம். என்ஜினீயர்கள் உட்கார்ந்து யோசித்த கேள்வி அது, அப்பா. அப்போது நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். ஒரு கார்டு வாங்கி நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் அன்றைக்குச் சிரித்ததையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

இப்போது பாப்பாவுக்கு வருகிறேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன் இவருடைய மேலதிகாரி வீட்டு அம்மாள் வந்திருந்தார்கள். காப்பி கொடுத்தேன். பாப்பா டம்ளர் அருகே முகத்தை வைத்துக்கொண்டு, "ஏம்மா, இந்த ஆவி மேல போயி மேகமாயிருமா? அப்பக் காப்பி மழை பெய்யுமா?" என்றாள். அந்த அம்மாள் சிரித்தார்கள். பி.ஏ. படித்தவள் பெண்ணை வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பார் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். "இதெல்லாம் ஒரு கேள்வியா? உள்ள போ" என்றேன். வாயை விட்டு வந்த பிறகுதான் அது யாரிடம் சொன்ன வார்த்தை என்று உறைத்தது. அவள் டம்ளரை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள். நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்தது போலவே, சத்தமில்லாமல்.

அடுத்த நாளிலிருந்து கேள்வி நின்றுவிட்டது. நானாகப் பேச்சுக் கொடுத்தேன். மழை ஏன் பெய்கிறது, சொல்லட்டுமா என்றேன். "வேண்டாம்மா" என்றாள்.

நேற்று அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொடியைக் கட்டும்போது விரல் நுழைய இடம் விட்டுக் கட்டுகிற கை உங்களுடையது. இந்த முடிச்சுகளோ கல்லாக இறுகிக் கிடக்கின்றன. பாப்பா மெல்ல வந்து தொட்டுப் பார்த்தாள்.

"இதுல என்னம்மா முடிஞ்சிருக்குது?"

கேட்டுவிட்டாள். "அப்புச்சி என்கிட்டக் கேக்கறதுக்கு வெச்சிருந்த கேள்வி, சாமி."

"கேட்டாரா?"

"ஒண்ணு கேட்டாரு."

"நீ சொன்னியா?"

"இல்ல. எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்லாமச் சிரிச்சுட்டேன்."

முடிச்சை விரலால் நிமிண்டினாள். "அந்த அம்மா என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. நீ சிரிக்கல. நீ கோவிச்சுக்கிட்ட."

அவளிடம் தப்பு என் பேரில்தான் என்று சொன்னேன். உங்களிடம் சொல்லாதது அது. பிறகு மீன் கதையைச் சொன்னேன். சில ஊர்களில் படி கட்டுகிறார்கள் என்றேன்.

"மேட்டூர்ல கட்டியிருக்காங்களா?"

"தெரியலயே சாமி."

எத்தனை சுலபமாக இருந்தது, அப்பா, அதைச் சொல்வதற்கு. முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டேன். காப்பி மழைக்கு இன்னொன்று போடச் சொன்னாள், போட்டேன். ஆடிக்கு வேலூர் வரும்போது பரிசல்காரரைப் பார்க்க வேண்டும். இவரிடம் சொல்லி மேட்டூருக்கே ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் துண்டின் முடிச்சுகளை நாங்கள் அவிழ்க்கவில்லை. ஒன்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மற்றொன்றை நீங்கள் கொண்டுபோய்விட்டீர்கள்.

இன்று காலை குளித்துப் புடவை மாற்றினேன். அவள் ஓடி வந்து பழைய புடவையின் முடிச்சுகளைத் தன் கையாலேயே அவிழ்த்து, புதுப் புடவையின் முந்தானையில் முடிந்துவிட்டுப் போனாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் வந்து அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டாள். நான் கேட்டுக்கொண்டு வந்து சொல்வேன் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அப்பா.