நீ குடிக்கவில்லை, அண்ணே

என்னைக் காலேஜில் சேர்த்துவிட்ட ராசண்ணே,

நீ போய் ரெண்டு வருஷமாச்சு. மேகமலையில் ஏலச்செடிக்கு மருந்தடிக்கப் போன உன்னை எஸ்டேட் லாரியில் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு வந்தாக. வாயெல்லாம் எச்சில், சட்டையெல்லாம் வேர்வை. வர்ற வழியிலேயே முடிஞ்சுபோச்சு. குடிச்சிட்டு விழுந்துட்டான்னு கங்காணி சொன்னதை ஊரே நம்பிருச்சு. அந்தப் பழியை அம்மாதான் சுமந்துச்சு.

நான் இப்போ மூணாவது வருஷம். இந்தச் சின்னக் கலைக்கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறது மொத்தம் பத்துப் பேர். உயிர் இயற்பியல்னு ஒரு பேப்பர் இருக்கு, நடத்த ஆளில்லை. இயற்பியல் வாத்தியார் அது வேதியியல்காரங்க பாடங்கிறாரு. வேதியியல் வாத்தியார் அவரைக் கை காட்டுறாரு. நாங்களே படிச்சுக்கிறோம்.

அப்படிப் படிக்கையில்தான் அந்தப் பக்கம் வந்துச்சு. தசைக்குச் சேதி சொல்ல நரம்பு ஒரு பொருளைச் சுரக்குமாம். வேலை முடிஞ்சதும் ஒரு நொதி அதைச் சிதைக்கணும். சில பூச்சிமருந்து அந்த நொதியைச் செயல்படவிடாம முடக்கிருது. அப்புறம் எச்சில் வழியும், வேர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனையாச் சுருங்கும், மூச்சு நிக்கும். உன் கண்ணை மூடினது நான்தானே? கண்மணி எவ்வளவு சின்னதா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?

வேதியியல் வாத்தியாரிடம் ஓடினேன். இன்னும் அங்கன மருந்தடிக்கிறவங்க ரத்தத்தில் அந்த நொதி குறைஞ்சிருக்கான்னு பார்க்கலாமான்னு கேட்டேன். அதுக்கு வேண்டிய, நிறத்தை வச்சு அளவு சொல்ற கலரிமீட்டர் எங்க லேபிலேயே இருக்கு, அண்ணே. இன்ஸ்பெக்‌ஷனுக்காக வாங்கினது. பீரோவில் பூட்டிக் கிடக்கு.

"அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா. உடைஞ்சா நான்ல பதில் சொல்லணும்?" என்றார்.

அதைத் திறந்து தரச் சொல்லி பிரின்சிபாலுக்கு மூணு தடவை மனு எழுதிட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்லை. பின்னே எதுக்குண்ணே வாங்கி வச்சிருக்காக?

போன வாரம் லீவு நாளில் நானே மலைக்குப் போனேன். உன்கூட மருந்தடிச்ச மாரியப்பன் இன்னும் வெறுங்கையாலதான் மருந்து கலக்குறாரு. படிச்சதையெல்லாம் சொன்னேன். கையை வேட்டியில் துடைச்சுக்கிட்டுச் சொன்னாரு:

"அன்னைக்கு ராசு ஒரு சொட்டு தொடல, தாயி. பம்பு ஒழுகி முதுகெல்லாம் மருந்து. கங்காணிக்குப் பயந்து நான்தான் வாயத் திறக்கல."

அதை எங்கம்மாகிட்ட வந்து சொல்லுங்கன்னேன். மறுநாளே வந்து சொன்னாரு. அம்மா அழுது முடிச்சு அவருக்குச் சோறு போட்டுச்சு. எனக்குத்தான் பரிமாற மனசு வரலை. ரெண்டு வருஷம், அண்ணே! ஒரு வார்த்தை சொல்ல ரெண்டு வருஷமா?

ஆனா அவரும் நாளைக்கு அதே பம்பைத்தான் முதுகில் மாட்டணும். எந்த ஊர் லேப் ஆனாலும் சரி, யார் கையில் கால்ல விழுந்தாலும் சரி, அவர் உயிரோட இருக்கையிலேயே அவர் ரத்தத்தை நான் சோதிச்சுப் பார்த்துருவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பாண்டியம்மா