ஆடாத கல்

மார்ச் 3

எங்கள் வீட்டு மராமத்து வேலை முடிந்தது. பழைய வீடுகளை அவற்றின் முகம் மாறாமல் புதுப்பித்துத் தருவதுதான் என் பிழைப்பு. ஊரார் வீட்டையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள், சொந்த வீட்டு வேலைக்கு இப்போதுதான் வந்தேன். தரையின் சிவப்பு, சுவரின் மங்கிய பச்சை, கதவுகளின் பித்தளைப் பிடி எல்லாம் அப்படியே. ஓட்டை உடைசலை மட்டும் சரிசெய்தேன். வந்து பார்த்தவர்கள், இங்கே வேலை நடந்த மாதிரியே தெரியவில்லை என்றார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதமாக அண்ணன் வீட்டில் இருந்த அப்பாவை மாலையில் கூட்டி வந்தேன். வாசலிலேயே நின்று கேட்டார்.

"எதையாச்சும் மாத்தினியாம்மா?"

"ஒண்ணும் மாத்தலப்பா. நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

அவருக்குக் கண் தெரியாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. வெளியே போனால் கைத்தடி, என் தோள். வீட்டுக்குள் எதுவும் வேண்டாம். டீ போடுவதுகூட அவரேதான்.

மார்ச் 5

டீ போடப் போகிறேன் என்று கிளம்பியவர் சாமான் அறைக்குள் போய் நின்றார். "பழக்கம் விட்டுப்போச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 8

அப்பாவுக்கு நெற்றி புடைத்திருக்கிறது. குளியலறைக்குப் போகிறவர் நேரே சுவரில் முட்டிக்கொண்டார். மருந்து போடும்போது, "புத்தி மழுங்குது போல" என்றார். சும்மா இருங்கப்பா என்று அதட்டினேன்.

அண்ணன் போனில் பிடித்துக்கொண்டான். கண்ணும் இல்லாமல், ஞாபகமும் இல்லாமல் பகலெல்லாம் அவரைத் தனியாக எப்படி விடுவது என்கிறான். முதியோர் இல்லம் ஒன்றை விசாரித்தும் வைத்திருக்கிறான். அவன் கேட்பதில் என்ன தப்பு?

மார்ச் 10

அப்பா இன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தண்ணீருக்குக்கூட என்னைக் கூப்பிட்டார்.

மார்ச் 12

போனை வீட்டிலேயே மறந்துவிட்டதால் மதியம் திரும்பி வந்தேன். அப்பா நடையில் நின்றிருந்தார். வலது காலால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார், செருப்பைத் தேடுகிறவர் மாதிரி. தடவுவது, அழுத்துவது, மறுபடி தடவுவது. சமையலறை வாசலுக்கு முன்னால், ஒரே இடத்தில்.

அந்த இடத்தில் முன்பு ஒரு தரைக்கல் ஆடும். மிதித்தால் டக்கென்று கேட்கும். அதைப் பெயர்த்து, சிமெண்ட் வைத்து, அசையாமல் பதிக்கச் சொன்னது நான்தான். குளியலறைக் கதவு தரையில் உரசிக் கத்தும். இழைத்தாயிற்று. நடை திரும்பும் இடத்தில் சன்னல் இடுக்கால் காற்று வரும். அடைத்தாயிற்று. இவற்றை வைத்துத்தானே அப்பா வழி பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிறதையெல்லாம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறேன். இதெல்லாம் யாருக்கு? அப்பாவுக்கா தெரியப்போகிறது அந்தப் பச்சையும் சிவப்பும்?

அதுகூடப் போகட்டும். ஒன்றும் மாற்றவில்லை என்று சொன்னேனே. வீடு மாறவில்லை என்றால் வேறு எது மாறியிருக்கும்? தன் மூளைதான் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சத்தமில்லாமல் வெளியே போய், சாவியைக் குலுக்கி, அப்போதுதான் வந்தவள் மாதிரி உள்ளே வந்தேன். கண் தெரியாதவரிடம் நாடகம். சீ.

மார்ச் 13

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 15

சொல்லவில்லை. அண்ணன் அப்பாவை ஞாபகப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னார். கடைசியில் அவராகவே சொன்னார்.

"வீடு அப்படியேதான் இருக்கு டாக்டர். என் பொண்ணு பார்த்துப் பார்த்து செஞ்சிருக்கா. எனக்குத்தான் வழி மறந்துபோகுது."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? அண்ணன் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்றுதான். வேறு காரணமே இல்லை. அடுத்த வாரம் இல்லத்தில் சேர்ப்பதாக முடிவாகிவிட்டது. அப்பா சரி என்றார்.

மார்ச் 16

சொல்லிவிட்டேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தார், இல்லத்துக்குக் கொண்டுபோக. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து கல், கதவு, சன்னல் எல்லாவற்றையும் கொட்டினேன். மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"இல்லப்பா."

"நேத்து டாக்டர்கிட்ட பக்கத்துல உக்காந்திருந்தியே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்பா."

மடித்த சட்டையை மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார். நான்தான் அழுதேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

அந்தக் குறையை அண்ணன் தீர்த்துவைத்தான். விஷயம் கேட்டதும் போனிலேயே காய்ச்சி எடுத்துவிட்டான். கடைசியில், இல்லத்துக்குத் தானே பேசி வேண்டாமென்று சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

மார்ச் 19

கொத்தனார் வந்தார். ஆடுற கல்லை நிறுத்தத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க, நின்ன கல்லை ஆட்டிவிடச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்பா மிதித்து மிதித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். பழைய சத்தம் வரவே இல்லை.

"போதும், விடுங்க. இதையே பழகிக்கிறேன்" என்றார்.

சன்னல் அடைப்பை நானே பிடுங்கிப் போட்டேன். கதவை ஒன்றும் செய்ய முடியவில்லை. இழைத்த மரம் திரும்ப ஒட்டுமா?

மார்ச் 24

காலையில் படுக்கையில் இருக்கும்போதே கல்லின் புதுச் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரச் சத்தம். ஓடிப்போய்ப் பார்க்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு டம்ளரில் டீ.

குடித்துவிட்டு நான் பாலைக் காய்ச்சி இறக்கினேன். "அடுப்பை அணைச்சுட்டேன்பா" என்றேன்.

"சரிம்மா" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்துபோய், அடுப்பின் திருகுக் குமிழைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.