நடுவில் அம்சா

11 மார்ச், செவ்வாய்

அத்தை இன்றும் என் சமையலைத் தொடவில்லை. ரசம் வைத்தேன், கீரை கடைந்தேன். தட்டை ஒதுக்கிவிட்டு, கட்டிலுக்கு எதிரே சுவரில் மாலையோடு இருக்கும் அம்சாவின் படத்தைப் பார்த்து, "அம்சா, மாப்ளகிட்ட சொல்லும்மா, எனக்குப் பசிக்கல" என்றார்.

நானும் படத்தைப் பார்த்தேன். "அம்சா, ஒங்கம்மாகிட்ட சொல்லு, வெறும் வயித்துல மருந்து சாப்பிடக் கூடாதாம்."

யாராவது பார்த்தால் இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டது என்பார்கள். ஆனால் எங்களுக்கு இது புதிதில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அத்தை என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளை முன்னால் உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் அவர் அப்படித்தான் வளர்ந்தார். எதுவானாலும் நடுவில் அம்சாதான். இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்லி, அலுத்துப்போய், "நீங்க ரெண்டு பேரும் எனக்கு எப்பத்தான் லீவு குடுக்கப் போறீங்க?" என்பாள்.

ஜனவரியில் போய்விட்டாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. கருமாதி முடிந்த மறுவாரமே அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பள்ளி வேன் ஓட்டும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான்தான் அவருக்கு. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் மட்டும் பக்கத்து வீட்டு லோகேஸ்வரி வருகிறார். அவர் ஒரு நாள் வராவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

14 மார்ச், வெள்ளி

பினாங்கிலிருந்து மகள் விஷாலினி வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருக்கிறாள். தினமும் மூன்று நல்ல விஷயங்களுக்கு நன்றி சொன்னால் மனசு லேசாகுமாம். கூடவே ஒரு ரோஜாப்பூ. மகள் ஆயிற்றே என்று திட்டாமல் விட்டேன். மூன்றாம்! எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. வேன் டயர் இன்று பஞ்சர் ஆகவில்லை. அதை எழுதலாமா?

15 மார்ச், சனி

மருந்து வாங்க பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போனேன். சாப்பாட்டுக் கடை மதார் சாகிபு கூப்பிட்டு, ஒரு தூக்குவாளி நோன்புக் கஞ்சியைக் கையில் கொடுத்தார். பர்ஸை எடுத்தேன்.

"அட, வைங்கலா உள்ள. வீட்டுல ஆளு படுத்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஆத்திக் குடுங்க, தொண்டையில எறங்கிரும்."

அத்தைக்கு இறங்கியது. ஒரு கிண்ணம், அப்புறம் இன்னொரு கிண்ணம். "அம்சா, மாப்ளகிட்ட சொல்லு, இது நல்லா இருக்கு." 'இது' என்பதில் எனக்கொரு குத்து இருக்கிறது. இருக்கட்டும். காலிக் கிண்ணத்தைக் கழுவும்போது ஏனோ அழுகை வந்துவிட்டது. சரி விஷா, ஒன்று கிடைத்தது.

16 மார்ச், ஞாயிறு

அம்சாவின் தம்பி சுகுமாரன் ரவாங்கிலிருந்து வந்திருந்தான். என்னை வாசலுக்குத் தனியாகக் கூப்பிட்டான்.

"எவ்ளோ நாளைக்கு மாமா நீங்களே பாப்பீங்க? எங்க ஃப்ளாட்டு நாலாவது மாடி. லிஃப்ட்டு பாதி நாளு ஓடாது. பத்தாங் காலி பக்கம் ஒரு முதியோர் ஹோம் இருக்கு, சுத்தமா வச்சிருக்காங்க. மாசக் கடைசியில எடம் காலியாவுதாம்."

கெட்டவன் இல்லை. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மகன் இருக்கும்போது தாய் மருமகன் வீட்டில் கிடக்கிறாரே என்று நாலு பேர் அவனிடம் கேட்கத்தானே செய்வார்கள்? நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அத்தைக்குக் கேட்டிருக்கும். அதன் பிறகு அம்சாவிடம்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. பொய் எழுதுவானேன்?

20 மார்ச், வியாழன்

பயந்தது நடந்தது. லோகேஸ்வரியின் மகளுக்கு டெங்கியாம், ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் வீடெல்லாம் நாற்றம். பேம்பர்ஸ் தாண்டி மெத்தை வரைக்கும் வந்துவிட்டது. அத்தை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார்.

"அம்சா, மாப்ளய வெளிய போவச் சொல்லு. லோகா வர்ற வரைக்கும் நான் இப்படியே கெடக்கேன்."

எப்படி விடுவது? புண்ணாகிவிடாதா? வெந்நீரும் துணியும் எடுத்து வந்தேன். படத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அம்சா, அம்மாகிட்ட சொல்லு, நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டுத்தான் செய்வேன்."

துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"கண்ண மூடிக்கிட்டா எதத்தான் தொடைப்பாரும்மா? செவத்தையா?"

சிரித்துவிட்டேன். துண்டும் குலுங்கியது. அம்சா போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்தேனோ அழுதேனோ, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் துடைத்து, பவுடர் போட்டு, துவைத்த கைலி உடுத்திவிட்டேன். அத்தை துண்டை எடுக்கவே இல்லை. ஆனால் நான் திருப்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

21 மார்ச், வெள்ளி

என் ரசத்தைக் குடித்தார். உப்பு கம்மி என்று அம்சாவிடம் புகார்.

27 மார்ச், வியாழன்

ஞாயிற்றுக்கிழமை சுகுமாரன் அத்தையை ஹோமுக்குக் கூட்டிப் போகிறான். பையில் அத்தையின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மண்டையில் ஏதோ அடித்தது. அத்தை போய்விட்டால் இந்த வீட்டில் "அம்சா" என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? நான் மட்டும் சுவரைப் பார்த்துப் பேசினால் அது பைத்தியம். இரண்டு பேர் பேசினால் குடும்பம்.

அன்றைக்கு எதற்குத் தலையாட்டினேன்? இப்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பெற்ற மகன் அவன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அம்சா, இங்கயே இருக்க அம்மாவுக்கு இஷ்டமான்னு கேளு" என்றேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா, கோபமா, தெரியவில்லை.

30 மார்ச், ஞாயிறு

சுகுமாரன் காரைக் கொண்டுவந்து வாசலோடு ஒட்டி நிறுத்தினான். "போலாமாம்மா?"

அத்தை படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். போய் வருகிறேன் என்று சொல்லப் போகிறார், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். என்னைத்தான். அம்சாவின் கண்கள் இவரிடமிருந்து வந்தவை என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்.

"மாப்ள, எனக்குப் போவ இஷ்டமில்ல. நீங்க போவச் சொன்னா போறேன்."

பழக்கதோஷத்தில் படத்தைத் தேடினேன்.

"அங்க பாக்காதீங்க. பாவம் அவ. நான் ஒங்களத்தான் கேக்குறேன்."

"போவாதீங்க அத்த" என்றேன்.

சுகுமாரன் கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு அவனே பையைத் திறந்து துணிகளை அலமாரியில் வைத்தான். ஞாயிறுதோறும் வருவதாகவும் அன்றைக்குச் சமையல் தன்னுடையது என்றும் சொல்லியிருக்கிறான். பார்க்கலாம்.

15 ஏப்ரல், செவ்வாய்

காலையில், "மாப்ள, காப்பியில சீனி கூட." மத்தியானம், "மாப்ள, ஃபேனக் கொறைங்க." சாயங்காலம், "மாப்ள, வேன் சத்தம் சரியில்ல, நாளைக்கே காட்டுங்க." இத்தனை வருடப் பேச்சையும் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. காது வலிக்கிறது. வலிக்கட்டும், விஷாவின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

விளக்கேற்றப் போனபோதுதான் உறைத்தது. இன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை, அம்சா. தீக்குச்சி விரலைச் சுடும் வரைக்கும் அப்படியே நின்றேன். மறந்துவிட்டோம் என்று நினைக்காதே. நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே ஒரு லீவு, அதை இன்றைக்குத்தான் கொடுக்க முடிந்தது.