ஒருத்திக்கு இரண்டு பெயர்

அன்புள்ள அப்பா,

தொந்தரவுக்கு மன்னியுங்கள். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

கனடாவில் நிரந்தரமாகத் தங்க நான் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. பழைய வேலை அனுமதி முடியப் போனதால், அதுவரைக்கும் தற்காலிக வேலை அனுமதி கேட்டேன். அதில் நம் கொண்டார் ஊர் வழக்கப்படி என் பெயருக்குப் பின்னால் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். முந்தைய விண்ணப்பத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி, தாத்தாவின் பெயர்தான் குடும்பப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தானா என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி மாரிவிக் விழுந்து விழுந்து சிரித்தாள். “அடியே ஹிருத், தங்குறதுக்குத் தாத்தா பேரு, வேலைக்கு அப்பா பேரா? குடும்பத்தையே கூட்டிட்டு வந்துட்டியா?”

நானும் சிரித்தேன். ஆனால் இந்த அனுமதியை மறுத்துவிட்டால் அன்றே வேலையை விட வேண்டும். யாராவது கதவைத் தட்டினாலே விளக்கை அணைத்துவிடுகிறேன்.

இருவரும் ஒருத்திதான் என்று நம் வட்டார கெபெலே அலுவலகத்தில் முத்திரையோடு எழுதி வாங்கி அனுப்புங்கள். கொஞ்சம் பெர்பெரே மிளகாய்ப் பொடியும் வேண்டும். இங்கே கிடைப்பதில் காரமே இல்லை.

இன்னொன்று அப்பா. நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் வெறுங்கையோடு கொண்டாருக்குத் திரும்பினால், பேருந்து நிலையத்துக்கு நீங்களே வருவீர்களா? வருவேன் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
ஹிருத்